தந்தி தொடங்கும் இடம்

பேஸ் கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், தந்திகளுக்குக் குறுக்காக ஒரு சின்னப் பட்டை பதிந்திருக்கும். அதன் பெயர் நட். ஃபெண்டர் ஜாஸ் பேஸில் அதன் நீளம் 38 மில்லிமீட்டர். அகலம் மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மேல் விளிம்பில் நான்கு பள்ளங்கள். நான்கு தந்திகளும் அந்தப் பள்ளங்களில் படிந்து, கொஞ்சம் கீழே வளைந்து, முறுக்காணிகளுக்குப் போகின்றன. ஒவ்வொரு தந்தியையும் இழுத்துப் பிடித்திருக்கும் விசை ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமம். நட்டைத் தாண்டும்போது தந்தி 10 டிகிரி வளைகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தந்தியும் அந்தப் பட்டையை மூன்று கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. வாசிக்காமல் சுவரில் மாட்டி வைத்திருக்கும்போதும் இந்த அழுத்தம் குறைவதில்லை.

அதனால் நட் தேய்கிறது. சில சமயம் விரிசல் விடுகிறது, ஓரம் உடைகிறது. மாற்று நட் தேடிப் போனால் ஒரு வரிசையே காத்திருக்கும்: பிளாஸ்டிக், எலும்பு, பித்தளை, கிராஃபைட், டஸ்க் என்ற செயற்கைப் பொருள். எலும்பு வைத்தால் ஒலி இதமாக இருக்கும் என்பார் ஒருவர். பித்தளை வைத்தால் தந்தி நெடுநேரம் ஒலிக்கும் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நட் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால்தான் எந்தப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது புரியும். அப்படிப் பார்க்கும்போது ஒரு வியப்பும் காத்திருக்கிறது. இந்தச் சின்னப் பட்டையிடம் நாம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். தந்தி அதிரும்போது அதன் முனையைப் பட்டை அசையவிடக் கூடாது. சுருதி சேர்க்கும்போது அது தடுக்கக் கூடாது.

அலை திரும்பும் இடம்

பேஸின் மிகத் தடித்த தந்தி ‘ஈ’. மீட்டினால் நொடிக்கு 41.2 முறை அதிரும். நட்டுக்கும், மறுமுனையில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையில் அதன் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். 1951இல் லியோ ஃபெண்டர் தமது பிரிசிஷன் பேஸுக்கு வைத்த அளவு இது. இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இதே அளவில்தான் வருகின்றன. விரல் மீட்டிய இடத்திலிருந்து கிளம்பும் அலை நொடிக்கு 71 மீட்டர் வேகத்தில் தந்தியில் ஓடுகிறது. மணிக்கு 256 கிலோமீட்டர்! நட்டில் மோதித் திரும்பி, பிரிட்ஜில் மோதி மறுபடியும் வருகிறது. ஒரு முறை போய்வந்தால் ஓர் அதிர்வு. மெல்லிய ‘ஜி’ தந்தியில் நொடிக்கு 98 அதிர்வுகள். அங்கே அலையின் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு மோதலிலும் அலையின் ஆற்றலில் மிகப் பெரும் பங்கு திரும்பிவிடுகிறது; மிகச் சிறு பங்கு நட்டுக்கும் அதன் கீழேயுள்ள மரத்துக்கும் கசிகிறது. மரப்பெட்டி வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரில் பிரிட்ஜ் வழியாக இப்படிக் கசியும் ஆற்றல்தான் பெட்டியை அதிரவைத்து நம் காதுக்கு வருகிறது. மின் பேஸில் கணக்கு வேறு. அங்கே காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பிக்அப், தந்தியின் அசைவை மட்டுமே மின்னோட்டமாக மாற்றுகிறது. தந்தியை விட்டுப் போன ஆற்றல் போனதுதான். நட் வளைந்து கொடுக்காமல் இருந்தால் தந்தி கூடுதல் நேரம் ஒலிக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுதான் அடிப்படை. மென்மையான பொருள் முதலில் விழுங்குவது வேகமாக அதிரும் மேற்சுரங்களை. அதனால்தான் மட்டமான பிளாஸ்டிக்கில் ஒலி மங்கலாகவும் பித்தளையில் பளிச்சென்றும் கேட்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது எல்லாமே விரல் வைக்காமல் மீட்டும் ஓப்பன் தந்திக்கு மட்டும்தான். விரலை ஒரு ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்திய உடனே அலை அந்த உலோகத் தண்டிலேயே திரும்பிவிடுகிறது. விரலுக்கும் நட்டுக்கும் இடையில் மிஞ்சும் துண்டை விரலின் சதை அடக்கிவிடுகிறது. அதன்பின் நட் எலும்பா பித்தளையா என்பது ஒலிக்கு ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தந்தியை ஓப்பனாக மீட்டிக் கேளுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டில், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி அதே தந்தியை மீட்டுங்கள். சுருதி அரைச்சுரம் ஏறும். அதைத் தவிர ஒலியின் தன்மையில் கேட்கும் வேறுபாட்டில்தான் உங்கள் நட்டின் பங்கு அடங்கியிருக்கிறது. அது சிறியதாகத்தான் இருக்கும்.

ஓப்பன் தந்தி மட்டும் வேறாக ஒலிக்கும் பிரச்சினையைச் சில கருவிகள் வேரோடு தீர்த்துவிட்டன. பால் மெக்கார்ட்னியால் புகழ்பெற்ற ஹோஃப்னர் 500/1 பேஸில், நட்டை ஒட்டியே ஒரு கூடுதல் ஃப்ரெட் இருக்கும். அதைப் பூஜ்ஜிய ஃப்ரெட் என்பார்கள். ஓப்பன் தந்தியும் அங்கே உலோகத்தின் மேல்தான் படிகிறது. எனவே எல்லாச் சுரங்களும் ஒரே பொருளில் தொடங்குகின்றன. அப்புறம் நட்டின் வேலை தந்திகளுக்கு இடையே இடைவெளி காப்பது மட்டுமே.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, நட்டின் கீழே இருக்கும் மரம். பித்தளையின் விறைப்பு ஏறக்குறைய 100 கிகாபாஸ்கல். எலும்பு 15 முதல் 20. சாதாரண பிளாஸ்டிக் 3 அளவில். கழுத்து செய்யும் மேப்பிள் மரம் இழையின் வாக்கில் 12 அளவில்தான். எவ்வளவு இறுகிய நட்டை வைத்தாலும் அது உட்கார்ந்திருப்பது வளையக்கூடிய ஒரு நீண்ட கழுத்தின் மேல். பேஸின் கழுத்துக்கு என்று சொந்த அதிர்வெண்கள் உண்டு. வாசிக்கும் சுரம் அவற்றில் ஒன்றோடு பொருந்திவிட்டால் தந்தியின் ஆற்றலைக் கழுத்து இழுத்துக்கொள்ளும். அந்தச் சுரம் மட்டும் சட்டென்று அணைந்துபோகும். ஜி தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் ஏழாவதுக்கும் இடையில் இப்படி ஓரிடம் பல பேஸ் கிட்டார்களில் உண்டு. வாசிப்பவர்கள் அதை டெட் ஸ்பாட் என்பார்கள். 1990களில் ஜெர்மனியின் ஹெல்முட் ஃப்ளைஷர் இதைக் கருவிகள் வைத்து அளந்து, கழுத்தின் அசைவுதான் காரணம் என்று காட்டினார். நட்டை மாற்றி டெட் ஸ்பாட்டைப் போக்க நினைப்பது வீண்.

வழுக்க வேண்டிய இடம்

இனி இரண்டாவது வேலை. முறுக்காணியைத் திருப்பும்போது தந்தி நட்டின் பள்ளத்தின் வழியாக நகர வேண்டும். அங்கே உராய்வு இருக்கிறது. கனமான பீரோவைத் தள்ளும்போது, அழுத்த அழுத்த அசையாமல் நின்று திடீரென்று ஒரு முழம் நகருமே, தந்தியும் பள்ளத்தில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. நட்டுக்கு அப்பால் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். இந்தப் பக்கம் சுருதி மாறாது. பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம், சுருதி தேவைக்கு மேல் ஏறிவிடும்.

இதன் அளவைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. வளைந்த பரப்பின் மேல் செல்லும் கயிற்றின் இரு பக்க இழுவிசையும் எவ்வளவு வேறுபடலாம் என்று 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டது அது. கப்பலைத் துறைமுகத் தூணில் கட்டுபவர்களுக்கு இன்றும் அது உதவுகிறது. தந்தி 10 டிகிரி வளைகிறது, உராய்வு எண் 0.2 என்று வைத்துக் கணக்கிட்டால், நட்டின் இரு பக்கத்திலும் இழுவிசை 3.5 சதவீதம் வரை வேறுபட இடமிருக்கிறது. சுருதியில் அது 30 சென்ட். ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு! இது உச்சவரம்பு, தந்தி எப்போதும் அந்த எல்லையில் நிற்பதில்லை. உராய்வு எண்ணை 0.05 ஆக்கிவிட்டால் இதே உச்சவரம்பு 8 சென்ட்டுக்குள் இறங்கிவிடும்.

பேஸில் தந்தியை வளைத்து வாசிப்பது லீட் கிட்டாரைவிடக் குறைவு. சுருதியைக் குலுக்கும் நெம்புகோலும் பெரும்பாலும் கிடையாது. அதனால் உராய்வு பல பேஸ் வாசிப்பாளர்களுக்குப் பெரிய தொல்லை ஆவதில்லை. ஆனால் ஈ தந்தியை நிகழ்ச்சி நடுவிலேயே ‘டி’க்கு இறக்கி ஏற்றும் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் போன்ற நெம்புகோல் வைத்தவர்களுக்கு இது முதல் கவலை. 41.2இலிருந்து 36.7க்கு இறங்கும்போது தந்தியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. திரும்ப ஏற்றும்போது தந்தி பழைய இடத்துக்கே வந்து சேர வேண்டுமானால் பள்ளம் வழுக்கியே ஆக வேண்டும்.

பேஸுக்கே உரிய இன்னொரு சிக்கல் தேய்மானம். தடித்த தந்திகளில் எஃகு நடுக்கம்பியைச் சுற்றி இன்னொரு கம்பியைச் சுருட்டியிருப்பார்கள். பழைய ஃப்ளாட்வவுண்டு தந்திகளில் இந்தச் சுற்று தட்டையான நாடா. மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். 1960களின் நடுவில் ரோட்டோசவுண்டு நிறுவனம், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து, உருண்டைக் கம்பி சுற்றிய பேஸ் தந்திகளைப் பிரபலமாக்கியது. ஒலி பளபளத்தது. ஆனால் அந்த முகடுகள் நட்டின் பள்ளத்தில் அரம் போலவே நடந்துகொள்கின்றன. ஒவ்வொரு முறை சுருதி சேர்க்கும்போதும் கொஞ்சம் அராவிவிட்டுப் போகின்றன. அரம் கையில் இல்லாத நாளில் பழைய தந்தித் துண்டை வைத்தே பள்ளத்தை அராவும் வழக்கம் பழுது பார்ப்பவர்களிடம் உண்டு.

பொருள்களின் குணம்

இப்போது மூன்று கேள்விகளோடு பொருள்களைப் பார்க்கலாம்: அதிர்வைத் தாங்குமா, தந்தியை வழுக்கவிடுமா, எத்தனை நாள் தேயாமல் இருக்கும்?

உள்ளே கூடாக வார்த்த மலிவான பிளாஸ்டிக் நட் மூன்றிலும் பின்தங்கும். கெட்டியான நல்ல பிளாஸ்டிக்கோ, காகிதத்தையும் துணியையும் பிசினில் ஊறவைத்து இறுக்கிய மைக்கார்டாவோ, சமையல் மேடைகளுக்காக டூபாண்ட் 1960களில் உருவாக்கிய கோரியனோ அப்படி அல்ல. பெயர் பெற்ற கிட்டார்களிலேயே இவற்றை வைத்திருக்கிறார்கள்.

எலும்பு என்றால் பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பின் இறுகிய வெளிச்சுவர். எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகம். பல்லின் எனாமலிலும் இருப்பது இதே கனிமம்தான். மீதியில் பெரும் பங்கு கொலாஜன் என்ற புரத இழை. படிகம் விறைப்பைத் தருகிறது. இழை உடையாமல் காக்கிறது. ஓடும் நடையும் தாங்க ஓர் உயிர் வளர்த்துக்கொண்ட கட்டமைப்பு, தந்தியின் அழுத்தத்தையும் அராவலையும் தாங்குகிறது. நன்றாக மெருகேற்றிய எலும்பை உருப்பெருக்கியில் பார்த்தால் ஊசி முனை போன்ற புள்ளிகள் தெரியும். ஒரு காலத்தில் ரத்த நாளங்கள் ஓடிய நுண்குழாய்களின் வாய்கள் அவை, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம். அவற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால்தான் எலும்பில் ஒரு துண்டு போல இன்னொன்று இருப்பதில்லை.

யானைத் தந்தமும் ஒரு காலத்தில் இந்த இடத்தில் இருந்தது. அராவ இதமானது, இழை சீரானது, வழவழப்பானது. அதற்காக யானைகள் கொல்லப்பட்டன. 1989இல் ஆப்பிரிக்க யானையையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை தன் முதல் பட்டியலில் சேர்த்தது. பன்னாட்டுத் தந்த வணிகம் தடைக்கு உள்ளானது. ஓப்பன் தந்தியின் ஒலியில் சிறு வேறுபாட்டுக்காக ஒரு யானையின் உயிர் என்ற கணக்கு எந்தக் காலத்திலும் நியாயமாக இருந்ததில்லை. அந்த இடத்தை நிரப்ப வந்தவற்றில் ஒன்று, கனடாவின் கிராஃப் டெக் நிறுவனத்தின் டஸ்க். அதிக அழுத்தத்தில் வார்த்த செயற்கைப் பொருள் அது. எலும்பில் உள்ள ஏற்றத்தாழ்வு இதில் இல்லை; ஒரு துண்டு போலவே அடுத்ததும் இருக்கும். இதன் இன்னொரு வகையில் டெஃப்லான் துகள்களைக் கலக்கிறார்கள். 1938இல் ராய் பிளங்கெட் டூபாண்ட் ஆய்வகத்தில் எதிர்பாராமல் கண்டெடுத்த டெஃப்லானின் உராய்வு எண் 0.05 முதல் 0.1 வரைதான், திடப்பொருள்களில் மிகக் குறைந்தவற்றில் ஒன்று. தந்தி அராவ அராவப் புதிய துகள்கள் வெளியே வருவதால் வழுக்கலும் குறைவதில்லை. கிராஃபைட் கலந்த நட்டும் இந்த இனம்தான். கார்பன் அணுக்களின் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதுதான் அங்கே நடக்கிறது. சாதாரண நட்டின் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டால் இந்தப் பயனில் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

பித்தளை 1970களில் பெரும் மோகமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனம் உயரத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய பித்தளை நட்டைத் தன் பேஸ்களின் அடையாளமாகவே ஆக்கியது. விறைப்பும் நீண்ட ஆயுளும் பித்தளையின் பலம். ஃப்ரெட்டும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை என்பதால், ஓப்பன் தந்தியின் ஒலி மற்றச் சுரங்களோடு நெருங்கி வரும். ஆனால் உலர்ந்த நிலையில் எஃகும் பித்தளையும் உரசினால் உராய்வு எண் 0.3ஐத் தாண்டும். பள்ளத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றாவிட்டால் தந்தி சிக்கும். ஃப்ரெட் இல்லாத பேஸில் விரலின் சதையே அலையைத் திருப்புவதால் மற்றச் சுரங்கள் மென்மையாக இருக்கும். அங்கே பித்தளை நட் வைத்தால் ஓப்பன் தந்தி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும்.

பள்ளத்தின் கதை

இத்தனை சொன்ன பிறகும், நட்டின் ஒலியில் பெரும் பங்கு பொருளைவிடப் பள்ளத்தின் வடிவத்தில்தான் இருக்கிறது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பள்ளத்தின் மிக உயர்ந்த புள்ளி ஃப்ரெட்கள் இருக்கும் பக்கத்து விளிம்பில் இருக்க வேண்டும். அங்கிருந்து தலைப் பக்கமாகப் பள்ளம் சரிய வேண்டும். அப்போதுதான் தந்திக்கு ஒரே ஒரு தொடக்கப் புள்ளி இருக்கும். பள்ளம் தட்டையாகவோ பின்பக்கம் உயர்ந்தோ இருந்தால், அதிரும் தந்தி நட்டின் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகும். ஒரு கரகரப்பு எழும்.

இந்தக் கரகரப்பை நம் நாட்டு இசை விரும்பி வளர்த்தது. தம்புராவின் அகலமான குதிரையில் தந்திக்குக் கீழே நூலை வைத்து நகர்த்தி ஜீவாளி பிடிப்பது, தந்தியை வளைந்த பரப்பின் மேல் உரசவிட்டு மேற்சுரங்களை எழுப்புவதற்குத்தான். 1921இல் சி.வி. ராமன் இதை ஆராய்ந்து எழுதினார். தந்தியை மீட்டிய இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது அதுவரை இருந்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கேட்கவே செய்கின்றன என்று அவர் காட்டினார். தம்புராவில் நாதத்துக்கு உயிர் கொடுக்கும் அதே நிகழ்வு, பேஸ் கிட்டாரின் நட்டில் கோளாறு.

உயரமும் அதே அளவு முக்கியம். நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 48 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நட் உயர்ந்திருந்தால் அந்தக் குறுகிய தூரத்தில் தந்தியைச் செங்குத்தாகக் கீழே அழுத்த வேண்டிவரும். தந்தி நீளும், இழுவிசை கூடும், சுரம் ஏறிப் பிசகும். விரலும் வலிக்கும். ஓப்பன் தந்தி சரியாகச் சேர்ந்திருந்தும் முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்களில் மட்டும் அபசுரம் கேட்டால் முதலில் நட்டின் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதைச் சரிசெய்யும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் மதிப்புத் தெரியும். பழைய நட்டின் இரு ஓரத்திலும் வார்னிஷைக் கத்தியால் கீறிவிட்டு, ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டி எடுக்கிறார்கள். அவசரப்பட்டால் விரல் பலகையின் சில்லும் சேர்ந்து வந்துவிடும். புதிய எலும்பின் அடிப்பக்கத்தைச் சமமான கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, நட்டும் மரமும் இடைவெளி இல்லாமல் பொருந்தும்வரை கொண்டுவருகிறார்கள். அராவும்போது முடி கருகும் வாடை வரும். தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல, முகக்கவசம் வேண்டும். ஈ தந்தி 2.67 மில்லிமீட்டர் தடிமன், ஜி தந்தி 1.14, ஒவ்வொன்றுக்கும் தனி அரம். பள்ளம் தந்தியைவிட ஒரு மயிரிழை அகலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஆழம் தந்தியின் பாதியை ஏந்தும் அளவு. கடைசிக் கட்டத்தில் இரண்டு இழுப்பு, தந்தியை மாட்டிப் பார்ப்பது, கழற்றி இன்னும் ஓர் இழுப்பு என்றுதான் போக முடியும். மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால் தந்தியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் அளவே இடைவெளி மிஞ்ச வேண்டும். ஓர் இழுப்பு அதிகமானால் தந்தி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும். அப்போது அராவிய எலும்புத் தூளையே பள்ளத்தில் நிரப்பி, சூப்பர் குளூ விட்டு இறுக்கி, மறுபடி தொடங்க வேண்டும்.

ஆகவே, உருண்டைச் சுற்றுத் தந்தி மாட்டி எல்லா வகை இசையும் வாசிக்கிற நான்கு தந்தி பேஸுக்கு இறுகிய நல்ல எலும்போ டஸ்க்கோ போதும். இறக்கி ஏற்றும் நெம்புகோல் வைத்தவர் டெஃப்லானோ கிராஃபைட்டோ கலந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். ஓப்பன் தந்திகளும் ஃப்ரெட் சுரங்களும் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும், சுருதியை அடிக்கடி மாற்றப் போவதில்லை என்பவர் பித்தளைக்குப் போகலாம். எதைத் தேர்ந்தாலும் நட்டின் விலையைவிட, அதை அராவிப் பொருத்துகிற கைக்குத் தாராளமாகக் கொடுங்கள். சரியாகச் சரிந்த பள்ளத்தோடு அளவாக உட்கார்ந்த ஒரு கெட்டி பிளாஸ்டிக் நட், பிசகாக வெட்டிய உயர்ந்த எலும்பைவிட நன்றாகச் சுருதி நிற்கும், நன்றாக ஒலிக்கும்.